கூரை கட்டருக்கு மூடி போடறது காசுக்கு ஏத்த வேலைதானா?

கட்டர் (கூரை ஓரத்துல மழைத்தண்ணிய வாங்கி பைப்புக்கு கொண்டு போற வாய்க்கால்) மேல போடற கவர் நல்லதா கெட்டதான்னு கேட்டிருக்கீங்க, ஆனா நீங்க எழுதுனத முழுசா படிச்சா கேள்வி வேறங்க. அப்பா இனிமே ஏணி ஏறக்கூடாது, அதுக்கு 24,200 ரூபா செலவு பண்ணுனா அது நடக்குமா, அதுதானே? கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து ஊடு, முன்னால மங்களூர் ஓடு, பின்னால ஷீட்டு, மொத்தம் 1,400 சதுர அடி கூரை, ஓரத்துல ரெண்டு வேப்பமரம் ஒரு புளியமரம், 110 அடி தகர கட்டர், தண்ணி இறங்க ரெண்டே ரெண்டு 3 இன்ச் பைப்பு, தண்ணி நேரா சம்ப்புக்கு (தரைக்கு அடியில இருக்கற தொட்டி) போகுது, அடிக்கு 220 ரூபான்னு கவர் போட கேக்கறாங்க, போட்டுட்டா 20 வருசத்துக்கு கையே வெக்க வேண்டாம்னு சொல்றாங்க. இவ்வளவும் நீங்க சொன்னது. நான் சிவில் டிப்ளமோ படிச்சுட்டு கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் சுத்துவட்டாரத்துல வருசக்கணக்கா கூரை வேலையும் மழைத்தண்ணி சேமிப்பு வேலையும் பார்க்கறவன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல்ல பதில சொல்லிடறனுங்க. 110 அடிக்கும் கவர் போடாதீங்க. வேப்பமரத்துக்கு நேர் கீழ இருக்கற துண்டுக்கு மட்டும், அதுவும் கழட்டி மாட்டற மாதிரி ஜாலி (ஓட்டை ஓட்டையா இருக்கற வலைத்தகடு) கிடைச்சா போடலாம். மிச்ச காசுல பைப்பையும் கட்டரோட வாட்டத்தையும் (தண்ணி ஓடறதுக்கான சரிவு) சரி பண்ணுங்க. கையே வெக்க வேண்டாம்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க, அப்படி ஒரு கவர் உலகத்துல எங்கயும் கிடையாது.

ஏன்னு சொல்றேன். கவர் குப்பைய இல்லாம பண்ணாதுங்க, கட்டருக்குள்ள உழுகற குப்பை கவரு மேல உழுகும், அவ்வளவுதான். மேல உழுந்தது காத்துல பறந்து போச்சுன்னா லாபம், போகலைன்னா மழை வரும்போது ஈரமாகி ஜாலி மேல ஒட்டி தண்ணி உள்ள இறங்காம வெளிய வழிஞ்சு கொட்டும். அது பறக்குமா ஒட்டுமாங்கறத முடிவு பண்றது கவர் இல்ல, உங்க மரம். இந்த சாமான் எல்லாம் அமெரிக்கா மாதிரி நாடுகள்ல ஓக்கு, மேப்பிள் மரத்துக்கு கீழ இருக்கற ஊடுகளுக்காக வந்தது. அங்க உள்ளங்கை அகலத்துக்கு இலை, எல்லாம் இலையுதிர் காலத்துல ஒரே மூச்சா கொட்டும், காஞ்சா காத்துல போயிரும். அங்கயே பைன் மர ஊசியிலை கொட்டற ஊடுகள்ல சாதாரண ஜாலி சரியா வேலை செய்யறதில்ல, ஊசி ஓட்டையில சொருகிக்கும்.

நம்ம ஊட்டு மரம் எது? வேம்பு, புளி, முருங்கை, மயில்கொன்றை, தென்னை. இதுல ஒண்ணுகூட அகல இலை கிடையாது. வேப்பமரத்துல இலை உழுகறது ஒரு தொல்லைன்னா அதோட ஈர்க்கு (இலை கோத்திருக்கற நடுக்காம்பு) அதவிட எச்சா தொல்லை. இலை உதுந்த பொறவு அந்த மெல்லிசான ஈர்க்கு தனியா உழும், அது 5 மில்லிமீட்டர் ஓட்டை ஜாலியில செங்குத்தா இறங்கி பாதி உள்ள பாதி வெளிய நிக்கும், அத காத்து தூக்காது, சீமாறு போட்டு கூட்டுனாலும் வராது, ஒவ்வொண்ணா கையில புடுங்கணும். அந்த நிக்கற ஈர்க்குல அடுத்த இலை மாட்டும், அதுமேல வேப்பம்பூ, அதுமேல ஆடிக்காத்துல வர்ற செம்மண் தூசி. அடுத்த மழையில இது எல்லாம் சேந்து ஒரு கெட்டி பாய் மாதிரி படிஞ்சுரும். புளிய இலை இன்னும் மோசம், ஒரு இலை ஒண்ணு ஒண்ணரை சென்டிமீட்டர்தான், பெரிய ஓட்டைன்னா நேரா உள்ள போயிரும், சின்ன ஓட்டைன்னா நனைஞ்சதும் மேலயே பூசுன மாதிரி ஒட்டிக்கும். மா, பலா, தேக்கு, பாதாம் இந்த மாதிரி பெரிய இலை மரம் ஊட்டுக்கு மேல சாஞ்சிருந்தா கவர் நெசமாவே உதவும், அதுல எனக்கு சந்தேகம் இல்ல.

கவர்ல எத்தன வகை இருக்குதுன்னு சுருக்கமா சொல்றேன், ஏன்னா உங்களுக்கு எது குடுக்கறாங்கன்னு நீங்க எழுதல. பிளாஸ்டிக் வலை இருக்குது, விலை கம்மி, ஆனா சித்திரை வைகாசி வெயில் ரெண்டு மூணு பட்டா நொறுங்க ஆரம்பிச்சுரும், நடுவுல தொங்கிரும், வேண்டாம். கட்டருக்குள்ளயே சொருகற ஸ்பாஞ்ச் மாதிரி ஒண்ணு வருது, தண்ணி ஊறி கீழ போகும் இலை மேல நிக்கும்னு சொல்லுவாங்க, நம்ம தூசிக்கு அத மறந்துருங்க, அதோட ஓட்டையில மண்ணு அடைச்சு காக்கா போட்ட விதை அதுலயே முளைக்கும். பாட்டில் கழுவற பிரஷ் மாதிரி நீளமா ஒண்ணு இருக்குது, அதுல வேப்பிலை ஈர்க்கு மாட்டுச்சுன்னா எடுத்து உதறி காய வெச்சு மறுபடி போடறதுக்கு சும்மா கட்டர கழுவறதே மேல். இன்னொண்ணு முழுசா மூடுன தகடு, முன்னால வளைஞ்சு சின்ன சந்து மட்டும் விட்டிருக்கும், தண்ணி அந்த வளைவுல ஒட்டிக்கிட்டே உள்ள திரும்பும், இலை தாண்டி கீழ உழுந்துரும். தத்துவம் சரிதான், தூறலுக்கு நல்லாவும் வேலை செய்யும். ஆனா கோடை மழை வெசையா அடிக்கும்போது தண்ணி வளைவுல ஒட்டாம எகிறி வாசல்ல கொட்டும். மங்களூர் ஓட்டுல இது இன்னும் எச்சா, ஓட்டுல தண்ணி பரவலா வராதுங்க, ஒவ்வொரு ஓட்டு பள்ளத்துலயும் சேந்து ஒரு ஒரு தாரையா கொட்டும், அந்த தாரைக்கு வேகம் எச்சு. டிராஃபோர்டு ஷீட்டும் (பள்ளம் பள்ளமா நெளிஞ்ச கூரை ஷீட்டு) அதே கதைதான். கடைசியா ஓட்டை போட்ட அலுமினிய தகடும், ஸ்டெயின்லஸ் ஸ்டீல் நுண் ஜாலியும். போடறதா இருந்தா இந்த ரெண்டுல ஒண்ணுதான். நுண் ஜாலியில ஈர்க்கு சொருகாது, அது பெரிய விஷயம், ஆனா தூசி படிஞ்சு ஓட்டை அடைக்கும், வருசத்துக்கு ரெண்டு தடவையாவது பிரஷ் போட்டு தேய்க்கணும்.

வாங்கறதுக்கு முன்னால நீங்களே ஒரு சோதனை பண்ணி பாருங்க, இத நான் வர்றவங்க எல்லார்த்துகிட்டயும் சொல்றது. கவர்காரர்கிட்ட ஒரு அடி துண்டு வாங்குங்க, குடுக்க மாட்டேன்னா அவர்கிட்ட வேலையே வேண்டாம். அத ஒரு பக்கெட்டு வாய் மேல லேசா சரிச்சு வெச்சு, உங்க கட்டர்லயே கிடக்கற சருகு ரெண்டு கை அள்ளி மேல போட்டு, ஒரு கை வாசல் மண்ணையும் தூவி, மேல இருந்து ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. தண்ணி எவ்வளவு பக்கெட்டுக்குள்ள போச்சு எவ்வளவு வெளிய போச்சுன்னு பாருங்க. பொறவு அத அப்படியே வெயில்ல காய வெச்சு, மறுநாள் கையில லேசா தட்டுங்க. தட்டுனதும் சருகு உதுந்துச்சுன்னா உங்க ஊட்டுக்கு ஆகும். அப்பளம் மாதிரி ஒட்டி நின்னா அதேதான் கூரை மேலயும் நடக்கப்போகுது, என்ன கம்பெனியா இருந்தாலும் சரி.

இப்ப நான் முக்கியம்னு நெனைக்கற விஷயத்துக்கு வர்றேன். உங்க பிரச்சனை பாதிக்கு மேல இலையே இல்லைன்னு நெனைக்கறேன், பைப்புதான். தேசிய கட்டிட விதித்தொகுப்புல எந்த அளவு மழைத்தண்ணி பைப்பு எவ்வளவு கூரைக்கு தாங்கும்னு அட்டவணை இருக்குது. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்துல மழை பெஞ்சா 75 மில்லிமீட்டர் பைப்பு, அதாவது நம்ம 3 இன்ச், ஏறக்குறைய 20 சதுர மீட்டர் கூரைக்குத்தான் தாங்கும், சதுர அடியில 220. 4 இன்ச் பைப்புன்னா 42 சதுர மீட்டருக்கு கொஞ்சம் எச்சா, ஒரு 460 சதுர அடி. உங்ககிட்ட ரெண்டு 3 இன்ச், சேத்தா 440 சதுர அடிக்குத்தான் தாங்கும், கூரையோ 1,400. மழை வேகம் அதுல பாதின்னு வெச்சாலும் 880 சதுர அடிதான். அப்ப ஒரு இலைகூட இல்லாம கட்டர பளபளன்னு கழுவி வெச்சாலும் பெரிய மழைக்கு உங்க கட்டர் வழியத்தான் செய்யும். சில நிமிசத்துக்கு மணிக்கு 100 மில்லிமீட்டர் கணக்குல அடிக்கறது நம்ம பக்கத்து கோடை மழைக்கு அதிசயம் இல்ல, மொத்தத்துல வருசத்துக்கு 600, 700 மில்லிமீட்டர்தான் வருதுன்னாலும் வர்றது கொட்டி தீத்துட்டு போகும். வழியறத பாத்துட்டு இலை அடைச்சுக்குச்சுன்னு அப்பா ஏணி ஏறறாரு. மூணு 4 இன்ச் பைப்பு போட்டா கணக்கு ஏறக்குறைய சரியா வரும், நாலு போட்டா நிம்மதி. சதுர அடிய சரிவுல அளக்க வேண்டாம், கூரை மூடுற தரைய அளந்தா போதும்.

அதே மாதிரி வாட்டம். 10 அடிக்கு அரை இன்ச் இறக்கம் பைப்பு இருக்கற பக்கமா இருக்கணும். பழைய தகர கட்டர்ல கிளாம்பு ஒண்ணு ரெண்டு தளந்து நடுவுல தொங்கி அந்த எடத்துல தண்ணி நிக்கும், நின்ன எடத்துல மண்ணு படியும், படிஞ்ச மண்ணுல இலை ஒட்டும், ஒட்டுனதுல அரசங்கன்னு முளைக்கும். மழை விட்டு ஒரு மணி நேரம் கழிச்சு ஏணியில இருந்து எட்டி பாக்க சொல்லுங்க, அப்பாவ இல்ல, வேற ஆள. எங்க தண்ணி நிக்குதோ அங்க கிளாம்பு போடணும். இது கொசுவுக்கும் சேத்து சொல்றேன். டெங்கு பரப்பற ஏடிஸ் கொசு முட்டையில இருந்து கொசுவாக நம்ம வெயிலுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும், தேங்குன தண்ணி கொஞ்சமா இருந்தாலே போதும். கவர் போட்டா கொசு வராதுன்னு உங்ககிட்ட சொல்லியிருந்தா அது தப்பு, 5 மில்லிமீட்டர் ஓட்டையில கொசு தாராளமா போய் வரும், கொசுவலை அளவுக்கு நுண்ணிய ஜாலியா இருந்தாத்தான் தடுக்கும். தேங்காம ஓடறதுதான் மருந்து.

பைப்பு வாயில தட்டையா ஜாலி வெச்சிருந்தா எடுத்துருங்க, ஒரு பாலித்தீன் கவரோ நாலு இலையோ போதும் அத மூட. அதுக்கு பதிலா குண்டு மாதிரி மேல எழும்பி நிக்கற ஜாலி பிளம்பிங் கடையில கிடைக்கும், சுத்தியும் இலை சேந்தாலும் மேல்பக்கம் தண்ணி இறங்கும். நீங்க கேட்ட கவருக்கு ஆகற செலவுல இது ஒரு துளி, ஆனா என் அனுபவத்துல கவர விட இதுதான் எச்சா வேலை செய்யும். எல்-ஷேப்புல ரெண்டு சரிவும் சேர்ற கூடல்வாய் இருந்தா அதுக்கு கீழ எந்த கவரும் போடாதீங்க, ரெண்டு கூரைத் தண்ணியும் ஒரே மூலையில பாயும், ஜாலி இருந்தா மேலயே வழுக்கிட்டு போயிரும். அந்த மூலைல கட்டரோட வெளிப்பக்கம் ஒரு ரெண்டடிக்கு தகடு உசத்தி அடிங்க.

இனி சம்ப்பு. தமிழ்நாட்டுல 2003ல மழைநீர் சேமிப்ப எல்லா கட்டிடத்துக்கும் கட்டாயமாக்குன பொறவு பைப்பு போட்டவங்க நெறைய பேரு, ஆனா முதல் தண்ணிய ஒதுக்கற ஏற்பாடு பாதி ஊட்டுல இருக்காது. உங்க கூரை 130 சதுர மீட்டர், ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 130 லிட்டர், வருசம் முழுக்க கணக்கு போட்டா சிந்தறது போக 65,000 லிட்டருக்கு மேல சம்ப்புக்கு வரும், உடற தண்ணி இல்லைங்க அது. ஆனா அந்த முதல் 130 லிட்டர்லதான் புறா மயிலு எச்சம், தூசி, வேப்பம்பூ எல்லாம் இருக்கும். ஒரு 200 லிட்டர் நீல ட்ரம்ம பைப்புல T வடிவ இணைப்பு வெச்சு மாட்டி முதல்ல அது ரொம்புன பொறவு சம்ப்புக்கு போற மாதிரி பண்ணுங்க, அடியில சின்ன வால்வு வெச்சு மழைக்கு பொறவு தொறந்து விட்டுருங்க. கவர் போட்ட கட்டர்ல ஒரு ஆபத்து இருக்குது, தூசியும் சின்ன இலையும் உள்ள போய் அடியில சேறா கிடக்கும், மூடியிருக்கறதால கண்ணுக்கு தெரியாது, தண்ணி டீத்தண்ணி நெறத்துல கசப்பா வர ஆரம்பிச்சாத்தான் தெரியும். அதுக்குத்தான் கழட்டற மாதிரி இருக்கணும்னு சொன்னேன். ரிவிட் அடிச்சு மொத்தமா மூடறவங்ககிட்ட சரின்னு சொல்லிடாதீங்க. ஓட்டுக்கு அடியில தகட்ட நெம்பி சொருகவும் விடாதீங்க, ஓடு நகந்தா தண்ணி பின்னால ரீப்பர்ல (ஓட்ட தாங்கற மரச்சட்டம்) இறங்கும், மரம் ஊறுனா கரையான் வர்றதுக்கு சொல்லவா வேணும்.

மயிலு பத்தியும் ஒரு வார்த்தை. தோட்டத்து ஊடுன்னா இப்ப எங்க பாத்தாலும் மயிலு வந்து கூரையில உக்காருது, அது இறங்கி ஏறும்போது மெல்லிசு ஜாலி நசுங்கி பள்ளமாயிரும், பள்ளத்துல குப்பை நிக்கும். போடறதுன்னா தடிமனா, ரெண்டடிக்கு ஒரு தாங்கியோட போட சொல்லுங்க.

சுத்தம் பண்ற காலம் சரியா இருந்தா வருசத்துக்கு ரெண்டு தடவை போதும்னு சொல்லுவேன். வேம்பு மாசி பங்குனியில இலைய கொட்டிட்டு துளிர்க்கும், அப்ப கட்டர் ரொம்பி கிடக்கும், அடுத்து வர்றது கோடை மழை, அதனால பங்குனி கடைசியில ஒருக்கா. ஆடிக்காத்து மண்ண கொண்டு வந்து கொட்டும், அடுத்து ஐப்பசி அடைமழை, அதனால புரட்டாசியில ஒருக்கா. பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் இருக்கறவங்க இத படிச்சா வைகாசியில இன்னொரு தடவை சேத்துக்கோங்க, உங்களுக்கு ஆனி ஆடியிலயே மழை புடிச்சுக்கும், தென்னம்பாளை உதிரியும் குரும்பையும் வேற உழும். புளியங்கொப்பு ஊட்டு மேல நீட்டிட்டு இருந்தா கூரைய விட்டு ஒரு ஆறு ஏழடி தள்ளி கவாத்து பண்ணுங்க, மரத்தயே வெட்டாதீங்க. நிழலுக்காகத்தானே வெச்சிருக்கீங்க.

ஏணி விஷயம், இதுல கொஞ்சம் அழுத்தி சொல்றேன். அப்பா வயசு 70 தாண்டிருச்சுன்னு எழுதியிருக்கீங்க. கவர் போட்டாலும் போடாட்டியும் அவரு ஏறக்கூடாது. கவர் போட்டாச்சுன்னா ஏற வேண்டியதில்லன்னு நீங்க நெனைச்சுட்டு இருப்பீங்க, மழை வந்து ஒரு எடத்துல வழிஞ்சதும் சித்த பாத்துட்டு வந்தர்றேன்னு அவரு ஏறுவாரு, அதுவும் ஈரத்துல, ஜாலிய ஒரு கையில தூக்கிட்டு. பக்கத்து தோட்டத்துல ஒரு பையன புடிச்சு ரெண்டு தடவைக்கும் முன்கூட்டியே சொல்லி வெச்சு அரை நாள் கூலி குடுத்துருங்க. ஏணி 12 அடி உசரம் சாத்துனா ஏணியோட கால் செவுத்துல இருந்து 3 அடி வெளிய இருக்கணும், கீழ ஒரு ஆள் புடிக்கணும், கரண்டு சர்வீஸ் ஒயர் எந்த பக்கம் வருதோ அந்த பக்கம் இரும்பு ஏணி கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு இருந்தா அது மேல யாரும் கால் வெக்கக்கூடாது, பாக்க கெட்டியா இருக்கும், உடைஞ்சா நேரா உள்ளதான். தரையில இருந்தே கழுவற மாதிரி, ஓஸுல மாட்டற வளைஞ்ச நீள குழாய் கிடைக்குது, ஒரு மாடி உசரத்துக்கு அது போதும், காஞ்ச சருக தள்ளும், ஆனா கெட்டியான சேற தள்ளாது.

உறுதியா சொல்ல முடிஞ்சதும் நேர்ல பாத்தாத்தான் சொல்ல முடியறதும் எதுன்னா, பைப்பு பத்தாது, முழு கவர் வேண்டாம், இருவது வருச வாக்கு நம்பக்கூடாது, இது மூணும் உறுதி. எந்த துண்டுக்கு ஜாலி போடணும், ஓட்டு பக்கம் தாரை எவ்வளவு தூரம் எகிறுது, இது படம் பாக்காம சொல்றது சரியா இருக்காது. மழை பெய்யும்போது முன்பக்கமும் பின்பக்கமும் கீழ இருந்தே ஒரு வீடியோ எடுத்து போடுங்க, கூடவே ரெண்டு பைப்பும் எந்த மூலையில இறங்குதுன்னு கையில ஒரு படம் வரைஞ்சு போடுங்க, மூணாவது பைப்பு எங்க வரணும்னு பாத்து சொல்றேன். அதுவரைக்கும் கவர்காரருக்கு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.